சிலாங்கூர் ஆற்றில் முதன்முறையாகத் துடுப்புப் போடப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கெர்லிங், ராசா, பத்தாங் காலி எனத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த நம் ஊர்களிலிருந்து கோலகுபு பாரு ஆற்றுக்குக் கிளம்பும் இளைஞர் குழுக்களுடன் நான் போய் வருகிறேன். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நுரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். இந்த ஆற்றில் உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு சில, அவை பெரிதாகச் சத்தம் போடுவதில்லை என்பதைப் பின்னால் வரும் பதில்களில் காணலாம்.

"ஈசியான ஆறுன்னு சொல்றீங்களே, எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?"

பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்து ஓடும் இடத்தை நாம் ஜெராம் என்கிறோம். ஜெராம்களின் கடினத்தை உலகெங்கும் 1 முதல் 6 வரையிலான படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் சிற்றலைகள் மட்டும் இருக்கும், தடைகள் மிகக் குறைவு. இரண்டாம் படியில் வழி அகலமாக இருக்கும், கரையில் இறங்கிப் பார்க்காமல் படகிலிருந்தே அது தெரியும், ஆனால் அங்கங்கே படகைத் திருப்ப வேண்டிவரும். மூன்றாம் படியில் அலைகள் ஒழுங்கில்லாமல் எழும், திறந்த படகு நீரால் நிரம்பிவிடக்கூடும், பழகிய கை தேவை. ஆறாம் படியைத் தேர்ந்த வீரர்களே யோசித்துத்தான் தொடுவார்கள்.

கோலகுபு பாருவை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு வழக்கமான நீரளவில் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கும், நீர் ஏறினால் மூன்றாம் படியைத் தொடும். ஆகவே படி என்பது ஆற்றின் நிலையான பட்டம் ஆகாது, அன்றைய நீருக்கு மட்டுமே அது பொருந்தும். போன மாதம் எளிதாக இருந்தது என்று ஒருவர் சொல்வதை வைத்து இந்த வாரம் இறங்கக் கூடாது.

"எனக்கு நீச்சலே தெரியாது அண்ணே. வரலாமா?"

வழிகாட்டி உடன்வரும் ரப்பர் படகில் எளிய ஆற்றுக்கு வரலாம். தனியாக ஓட்டும் சிறு படகான கயாக்கில், நீச்சல் கற்கும்வரை வேண்டாம். நீரில் மூழ்கியிருக்கும் உடல் தன் எடையின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், தலையை மேலே வைத்திருக்கச் சில கிலோ மிதப்பு விசையே போதும். 50 நியூட்டன் எனக் குறிக்கப்பட்ட மிதவைச் சட்டை ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தாங்கும்.

சட்டை உடம்போடு இறுகி இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரியாக வரும். வார்களை எல்லாம் இழுத்துக் கட்டிய பிறகு, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேல்நோக்கித் தூக்கச் சொல்லி இன்னொருவரிடம் கேளுங்கள். சட்டை காதுவரை ஏறினால், ஆற்றிலும் அது அப்படியே ஏறும், நீங்கள் அதற்குள்ளிருந்து கீழே நழுவுவீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் கிளம்பும் இடத்தில் உள்ள அமைதியான நீரில் ஒருமுறை மல்லாந்து மிதந்து பார்ப்பது மிகவும் அவசியம். முகத்தில் தண்ணீர் அடிப்பது ஜெராமின் நடுவே முதல் அனுபவமாக இருந்தால் பதற்றம் வந்துவிடும்.

"ராஃப்ட் நல்லதா, கயாக் நல்லதா?"

முதல் முறைக்கு ராஃப்ட்தான், அதாவது மேலே சொன்ன ரப்பர் படகு. சிறிய பிழைகளை அதன் அகலமே பொறுத்துக்கொள்ளும், பின்னால் வழிகாட்டி இருப்பார். ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்குக்கு மாறலாம். அது கவிழ்ந்தால் தானாகவே படகிலிருந்து பிரிந்துவிடுவோம். இடுப்பைச் சுற்றித் துணி மாட்டிக்கொள்ளும் மூடிய கயாக்கில் தலைகீழாகத் தொங்கியபடி அந்தத் துணியை இழுத்து வெளியேறப் பழக வேண்டும். அதைக் குளத்தில் கற்றுக்கொள்ளாமல் ஆற்றுக்கு எடுத்துவரவே கூடாது.

"என்ன உடுத்துவது? தாலியைக் கழற்றி வைக்க மாட்டேன், அதுக்கு என்ன செய்வது?"

இந்தக் கேள்வியைச் சங்கடப்பட்டுக்கொண்டு கேட்கிற அக்காமார்கள் பலர், கேட்பதில் தவறே இல்லை. ஜீன்ஸும் கனமான பருத்தி ஆடையும் நீரை உறிஞ்சிக் கால்களை இழுக்கும். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய முழுக்கை டீ சட்டையும், உடலை ஒட்டிய நீளக் காற்சட்டையும் போதும். சால்வை, துப்பட்டா வேண்டாம். ஜப்பான் சிலிப்பர் முதல் ஜெராமிலேயே போய்விடும், பின்பக்கம் கட்டக்கூடிய காலணியோ பழைய கான்வாஸ் காலணியோ வேண்டும். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். நீளமான கூந்தலைக் கழுத்தருகே தாழ்வாக முடிந்தால்தான் தலைக்கவசம் சரியாக உட்காரும்.

தாலிக்கொடியை ஆடைக்குள் விட்டு, அதன்மேல் மிதவைச் சட்டையை இறுக்கினால் அது வெளியே வந்து எதிலும் மாட்டாது. தடித்த சங்கிலிகள், தொங்கும் காதணிகள், வளையல்கள் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், ஆற்றில் விழுந்ததைத் தேடித் தர யாராலும் இயலாது.

"சின்ன வயசுல நாங்க லாரி டியூப்ல போனோம். அப்ப ஹெல்மெட்டா போட்டோம்?"

லயத்துப் பிள்ளைகள் பலருக்கும் ஆறு அறிமுகமானதே லாரி டியூபில்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் டியூபைத் திருப்ப முடியாது, ஆறு விட்ட வழியில்தான் அது போகும். ஒரு மூங்கில் புதரை நோக்கி நீர் இழுக்கும்போது விலகிச் செல்லத் துடுப்பும், படகின் நீளமும் வேண்டும். உட்காரும் பகுதி நீருக்குக் கீழே தொங்குவதால் முதுகெலும்பின் அடிப்பகுதி பாறையில் மோதுகிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பிரிந்துவிடாமல் இருக்க டியூப்களைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டுவது: ஒன்று பாறையின் இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமும் போனால் நடுக்கயிறு பாறையில் மாட்டிக்கொள்ளும், இருவரையும் நீர் அழுத்திப் பிடிக்கும்.

தலைக்கவசம் படகிலிருந்து விழுந்த பிறகு தேவைப்படுவது. மோட்டார் சைக்கிள் கவசம் நீரை அள்ளிக்கொண்டு கழுத்தை இழுக்கும் என்பதால் ஆற்றுக்கென்று செய்ததையே அணிய வேண்டும். ஈஎன் 1385 என்ற தர எண் உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

"மகனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல போட்டிருக்கு. அனுப்பலாமா தம்பி?"

ஜாதகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அம்மா. மனம் ஒப்பாமல் அனுப்ப வேண்டியதும் இல்லை. தாய் கலங்கிக்கொண்டிருக்க, பிள்ளை படகில் உட்கார்ந்து மகிழப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கண்டம் என்று சொல்லி நீரிலிருந்தே விலக்கி வளர்த்த பிள்ளைகள், நண்பர்களோடு யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக் குளத்திலோ பழைய ஈயக்குட்டையிலோ இறங்கும்போது நீச்சலும் தெரியாமல், மிதவைச் சட்டையும் இல்லாமல் இருக்கிறார்கள். ஆற்றுக்கு அனுப்பாவிட்டாலும் நீச்சல் வகுப்புக்கு அனுப்புங்கள்.

"சுகர் இருக்கு, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுறேன். பிரச்சினை வருமா?"

மருத்துவரைக் கேட்டு, அவர் சரி என்றால் வரலாம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் படகேறக் கூடாது, இனிப்பு ஏதாவது நீர் புகாத பையில் வழிகாட்டியிடம் இருக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரும் அப்படியே. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காலணி கட்டாயம், ஆறாத புண் இருந்தால் இந்த முறை வேண்டாம். கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் வரக் கூடாது. முதல் நாள் இரவு குடித்தது இறங்காதவர்களை நான் வேனிலேயே விட்டுவிடுவேன், இதில் சமரசம் கிடையாது.

"தீபாவளி லீவுலதான் எல்லாரும் ஊருக்கு வர்றாங்க. அப்ப வைக்கலாமே?"

கூட்டம் சேரும், ஆனால் ஆறும் சேர்ந்து வரும். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், அதிலும் தித்திவங்சா மலையடிவாரத்தில், ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும்தான் பருவக்காற்று மாறும் காலம், பிற்பகல் இடிமழை அப்போதுதான் கடுமையாக இருக்கும். தீபாவளி விழுவதோ அக்டோபர், நவம்பரில். பிப்ரவரியும், ஜூன், ஜூலையும் நான் விரும்பும் மாதங்கள்.

தீபாவளி விடுமுறையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குப் படகு நீரில் இருக்க வேண்டும், மதியத்துக்குள் எல்லாரும் கரையேறியிருக்க வேண்டும். முந்தின இரவு மலையில் பெரிய மழை பெய்திருந்தால் கட்டிய பணம் போனாலும் ஒத்திவையுங்கள். இடிச் சத்தம் கேட்டால், வானம் வெளுத்திருந்தாலும், படகைக் கரைக்கு விட்டு நீரிலிருந்து வெளியேற வேண்டும்.

"படகிலிருந்து விழுந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?"

மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசைக்கு நீட்டி, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாறை வந்தால் பாதங்கள் அதைத் தாங்கும். இடுப்பைத் தூக்கி வைத்தால் அடிப்பாறையில் இடிபடாது. மூச்சை அலையின் பள்ளத்தில் இழுக்க வேண்டும், முகட்டில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். துடுப்பைக் கையில் வைத்திருந்தால் நல்லது, தடையாக இருந்தால் விட்டுவிடலாம். படகுக்கு முன்னால், அதாவது படகுக்கும் கீழேயுள்ள பாறைக்கும் நடுவில், ஒருபோதும் இருக்காதீர்கள். நீர் நிரம்பிய படகு பல நூறு கிலோ எடையுடன் உங்கள் மேல் வந்து சாயும்.

கரையிலிருந்து கயிற்றுப் பை வீசுவார்கள். அதில் பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் வரை கயிறு இருக்கும். பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கயிற்றைத் தோளுக்கு மேலாக எடுத்து மார்போடு அணைத்து மல்லாந்து இருந்தால், நீரோட்டமே உங்களைக் கரைக்கு ஒதுக்கிவிடும். குப்புறப் படுத்து இழுத்தால் முகத்தில்தான் ஆறு மோதும்.

"தண்ணி இடுப்பளவுதானே இருக்கு, எழுந்து நடந்து வந்துடலாமே?"

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும். ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழம் இருக்கும்வரை எழுந்து நிற்கக் கூடாது. அடியில் கிடக்கும் பாறைகளுக்கு இடையே பாதம் சொருகிக்கொள்ளும், மேலே நீர் முதுகைத் தள்ளும், ஆள் முன்னால் சாய்வார், காலை எடுக்க அதை மேல்நோக்கி இழுக்க வேண்டும், ஆனால் நீரோ அவரை எதிர்ப்பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். இடுப்பளவு நீரில் நல்ல நீச்சல்காரர்கள் உயிரிழப்பது இப்படித்தான், மிதவைச் சட்டை இருந்தும்கூட.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். எனவே காலைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு மல்லுக்கட்டும் நிலைக்குப் போகவே கூடாது. முந்தைய பதிலில் சொன்னபடி மல்லாந்தே மிதந்து வாருங்கள். கை தரையைத் தொடும் அளவுக்கு ஆழம் குறைந்து, வேகமும் குறைந்த இடத்தில்தான் எழ வேண்டும்.

"பாறையில மோதுற மாதிரி போனா எந்தப் பக்கம் சாயணும்?"

பாறையை நோக்கி. உடம்பு இயல்பாகவே பாறையிலிருந்து விலகத்தான் பார்க்கும், அப்படி விலகினால் நீர் வரும் பக்கத்துப் படகு விளிம்பு தாழ்ந்து, நீர் உள்ளே புகுந்து, படகு பாறையோடு ஒட்டிக்கொள்ளும். ராஃப்டில் வழிகாட்டி குரல் கொடுத்தவுடன் எல்லாரும் படகைச் சுற்றியுள்ள காற்றடைத்த குழாயில் பாறைப் பக்கத்தின் மேல் பாய வேண்டும். யோசித்துவிட்டுப் பாய்வதற்கு நேரம் இருக்காது, அதனால்தான் கிளம்புவதற்கு முன் கரையிலேயே நான்கைந்து தடவை செய்யச் சொல்கிறோம். கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டு செய்யாமல் விடுகிறவர்கள் பின்னால் திணறுகிறார்கள்.

வழியைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. நீர்ப்பரப்பில் அம்பு முனை போன்ற வடிவம் ஆற்றின் போக்கில் கீழ்நோக்கிக் காட்டினால், அதன் நடுவே ஆழமான வழி இருக்கிறது. முனை உங்களை நோக்கி மேல்புறம் காட்டினால் அங்கே பாறை மறைந்திருக்கிறது. பெரிய பாறையின் பின்னால் நீர் அமைதியாகி மெல்ல மேல்நோக்கித் திரும்பும் இடத்தைப் படகோட்டிகள் எடி என்பார்கள். அதற்குள் படகைத் திருப்பி நிறுத்தி, அடுத்த ஜெராமைப் பார்த்துக்கொள்ளலாம்.

"ஜெராமைவிட மூங்கில்தான் ஆபத்துன்னு சொன்னாங்க. மூங்கில் என்ன செய்யும்?"

ஆற்றின் வளைவில் வேகமான நீர் வெளிப்புறக் கரையைத்தான் அரிக்கும். அங்கே நிற்கும் மூங்கில் புதர் வேரோடு சாய்ந்து நீருக்குள் படுத்துக்கிடக்கும். நீர் அதன் கழிகளுக்கு நடுவே புகுந்து வெளியேறும், மனிதரால் அப்படிப் போக முடியாது, மாட்டிக்கொள்வார். தேங்காய்ப் பால் பிழியும் வடிகட்டியில் சக்கை நிற்பதைப் போலத்தான் இது. நுரை இல்லை, இரைச்சல் இல்லை, நிழலாக அழகாகவும் இருக்கும். அருகே போனால் மெல்லிய 'ஸ்ஸ்' என்ற ஒலி மட்டும் கேட்கும். முதல் கேள்வியில் சொன்ன படிகளுக்குள்ளும் இது சரியாக அடங்காது, நேற்றிரவு சாய்ந்த மூங்கில் முதல் படி ஆற்றிலும் கிடக்கலாம்.

ஆகவே வளைவுக்கு வெகு முன்பே உள்வளைவுப் பக்கம் ஒதுங்க வேண்டும். விழுந்த நிலையில் மூங்கிலை நோக்கிப் போகிறீர்கள், தப்ப வழியில்லை என்றால், அப்போது மட்டும் மல்லாந்து மிதக்கும் விதியை மீறுங்கள்: குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க, முழு வேகத்தில் நீந்தி, கழிகளின் மேல் மார்பை ஏற்றி மேலே தாவ வேண்டும். கால் முன்னால் போனால் புதருக்கு அடியில் இழுக்கப்படுவீர்கள். மேலே ஆளுயரத்தில் மூங்கிலில் கிழிந்த உரச்சாக்கு தொங்குவதையும் கவனியுங்கள். செம்பனைத் தோட்டத்திலிருந்து அதை அங்கே கொண்டுபோய் மாட்டியது வெள்ளம்தான்.

"மேல அணை கட்டியிருக்காங்களே, இனிமே கெப்பாலா ஆயர் வராதுதானே?"

மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக ஆற்றில் இறங்கி வருவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறோம். அணை என்ற பேச்சை எடுத்தால் நம் பெரியவர்கள் பழைய கோலகுபு கதையைச் சொல்வார்கள், அது கதை இல்லை. 1883-இல் மேலேயிருந்த அணை உடைந்து பழைய நகரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது, அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். இன்றைய நகரம் பின்னாளில் வேறு இடத்தில் எழுப்பப்பட்டது. இப்போதுள்ள சிலாங்கூர் ஆற்று அணை வேறு, கீழே உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நீரைச் சீராக அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. வறண்ட நாட்களிலும் நமக்கு ஓட்டம் கிடைப்பதற்கு அதுவே காரணம். எனவே மழையே இல்லாவிட்டாலும் திறப்பு கூடினால் நீர் ஏறும், அன்றைய நிலவரத்தைப் படகு நடத்துநரிடம் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

அணை தடுப்பது தனக்கு மேலே பெய்யும் மழையை மட்டும்தான். அணைக்குக் கீழே வந்து சேரும் சிற்றாறுகளில் எந்த நேரமும் கெப்பாலா ஆயர் இறங்கலாம், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே. தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, சற்று முன் காய்ந்திருந்த பாறை நனைவது, மேலிருந்து லாரி வருவது போன்ற முழக்கம் கேட்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும். நீங்கள் இருக்கும் பக்கத்துக் கரையிலேயே உயரமான இடத்துக்கு ஏறுங்கள். சாப்பாட்டுப் பை அக்கரையில் இருக்கிறது என்று ஆற்றைக் கடக்காதீர்கள், மணல் திட்டில் நிற்காதீர்கள். அவசரம் என்றால் 999.

"ஒரு இடத்துல மூணடி சிமெண்டுத் தடுப்பு குறுக்க இருக்கு. ஜெராமைவிட சின்னது, தாண்டிடலாமா?"

எந்த ஆற்றிலும், எந்த நீரளவிலும், கூடாது. நீரெடுப்பதற்காகக் குறுக்கே கட்டிய தடுப்பில் நீர் ஒரே சீராக விழுந்து, அடியில் சுருண்டு, மேற்பரப்பில் தடுப்பை நோக்கியே திரும்பி ஓடும். விழுந்த மரக்கட்டை அங்கேயே மணிக்கணக்கில் உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம், ஆளும் அப்படித்தான். இயற்கையான பாறை ஜெராமில் ஏதாவது ஒரு பக்கம் நீர் வெளியேற வழி இருக்கும், மனிதர் கட்டிய தடுப்பில் கரைக்குக் கரை ஒரே சுருள்தான். மேலிருந்து வரும்போது ஆற்றின் குறுக்கே ஒரு நேர்கோடு தெரியும், அதற்கு அப்பால் நீர் தெரியாது. அந்தக் கோட்டைக் கண்டதும் கரையேறிப் படகைச் சுமந்து நடக்க வேண்டும்.

"நல்ல நடத்துநர் யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

விலையைக் கேட்பதற்கு முன், "இன்றைக்குத் தண்ணீர் அதிகமானால் ரத்து செய்வீர்களா?" என்று கேளுங்கள். தயங்காமல் ஆம் என்பவரிடம் பேச்சைத் தொடரலாம். வழிகாட்டியின் இடுப்பில் கயிற்றுப் பையும், மிதவைச் சட்டையில் கத்தியும் விசிலும் இருக்கின்றனவா, வார்கள் இற்றுப்போகாமல் இருக்கின்றனவா, கிளம்புமுன் பயிற்சி தருகிறாரா என்று கவனியுங்கள். துடுப்பைக் குறுக்காகப் பிடித்தால் நில், செங்குத்தாகப் பிடித்தால் நடுவே வா, ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் போ என்பன ஆற்றுச் சைகைகள். தடையை ஒருபோதும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், பாதுகாப்பான வழியை மட்டுமே காட்டுவார்கள். இதைச் சொல்லித் தராதவரோடு நான் போக மாட்டேன்.

"போயிட்டு வந்து ஒரு வாரம் கழிச்சு காய்ச்சல். ஆத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

இருக்கலாம். எலி சிறுநீர் கலந்த நீர், தோலின் கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ புகுந்து எலிக்காய்ச்சலைத் தரும், மழைக்குப் பிந்தைய கலங்கிய நீரில் இந்த ஆபத்து கூடும். அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தெரியும், சிலருக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். கடும் தலைவலி, கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு ஆகியவை காய்ச்சலோடு வந்தால் பானடோல் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். டெங்கி என்று நினைத்து அதற்கு மட்டும் ரத்தம் பார்க்க வாய்ப்பு உண்டு, அதனால் எந்த நாளில் ஆற்றில் இறங்கினீர்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.